பொடி சரி, கரைத்த தண்ணீர் தவறு: சமோவா தடுப்பூசி மரணங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஜூலை 6. பசிபிக் கடலில் உள்ள சமோவா நாட்டின் சவாயீ தீவு, சஃபோட்டு மாவட்ட மருத்துவமனை. ஒரு வயது ஆன இரண்டு குழந்தைகளை வழக்கமான எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்காக வீட்டார் தூக்கி வந்தார்கள். முதல் குழந்தை ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே இறந்துவிட்டது. சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது குழந்தைக்கும் ஊசி போடப்பட்டது, அதுவும் இறந்தது. இரண்டுமே நோய் எதுவும் இல்லாமல் வந்த குழந்தைகள்.

தடுப்பூசியில் கோளாறு இல்லை. எம்.எம்.ஆர். உலர்ந்த பொடியாக வருகிறது, அதோடு தனியாக வரும் சுத்தமான ஊசித் தண்ணீரை விட்டுக் கரைத்துத்தான் போட வேண்டும். அன்றைக்கு அந்தத் தண்ணீருக்குப் பதிலாகக் கலக்கப்பட்டது, காலாவதியான அட்ராகூரியம். அறுவை சிகிச்சை அறையில் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்து அது. குற்றம் சாட்டப்பட்ட இரண்டு செவிலியர்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 2019 ஆகஸ்டில் தலா ஐந்து ஆண்டு சிறை.

செய்தியாக இதைப் படித்தவர்கள் "எவ்வளவு அலட்சியம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஊசி போடுவதைத் தினசரி வேலையாகச் செய்கிற நாம் அப்படி நகர முடியாது. மருந்து பிழைகளைப் பற்றி எத்தனையோ வகுப்புகள் நடக்கின்றன, அவற்றில் பெரும்பாலும் மருந்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த மருந்தை எதில் கரைக்கிறோம் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. இந்த நிகழ்வை நான் முழுசாக எழுத நினைத்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

அட்ராகூரியம் என்ன செய்யும்

பல செய்திகளில் இதை "மயக்க மருந்து" என்று எழுதியிருந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பயன்படுத்தும் மருந்துதான், ஆனால் இது யாரையும் மயக்காது, தூங்க வைக்காது, வலியையும் குறைக்காது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு போகும் அசிட்டைல்கோலின், தசையில் போய்ச் சேர வேண்டிய இடத்தை இது அடைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் இதன் வேலை. கண் இமை, கழுத்து, கை கால், கடைசியில் மூச்சை இழுக்கும் உதரவிதானம் எல்லாம் செயலற்றுப் போகின்றன. இதயம் துடித்துக்கொண்டிருக்கும், நினைவும் இருக்கும். மூச்சு மட்டும் வராது. அதனால்தான் அறுவை அறையில் முதலில் தூங்க வைத்துவிட்டு, மூச்சுக்குழாய் போட ஆள் தயாராக நிற்கும்போது மட்டும் இதைக் கொடுக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அட்ராகூரியம் வழக்கமாகக் கிடைக்கும் செறிவு மில்லிக்கு 10 மில்லிகிராம். எம்.எம்.ஆர். ஒரு தவணை 0.5 மில்லி. பொடியை முழுக்க அந்தச் செறிவுள்ள அட்ராகூரியத்தில் கரைத்திருந்தால் சிரிஞ்சில் ஏறுவது சுமார் 5 மில்லிகிராம். ஒரு வயதுக் குழந்தை ஒன்பது, பத்து கிலோ இருக்கும். அப்படியென்றால் கிலோவுக்கு சுமார் அரை மில்லிகிராம். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் போடுவதற்காக ஐ.வி., அதாவது ரத்தக் குழாய் வழியாகக் கொடுக்கும் முழு அளவே கிலோவுக்கு 0.4 முதல் 0.5 மில்லிகிராம்தான். தடுப்பூசியின் அந்தச் சின்ன அளவுக்குள் ஒரு முழுத் தவணை தசைத் தளர்த்தி அப்படியே அடங்கிவிடுகிறது. தோலுக்கு அடியில் போட்டால் ஐ.வி. அளவு வேகமாக ஏறாது என்பது உண்மை, ஆனால் அருகில் ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கூட இல்லாமல் நிற்கும் இடத்தில் அந்த வித்தியாசம் குழந்தையைக் காப்பாற்றாது.

இன்னொன்று, காலாவதி என்பது. "எக்ஸ்பைரி ஆன மருந்துதானே, வீரியம் இருந்திருக்காதே" என்று மாணவிகள் கேட்பதுண்டு. அட்ராகூரியம் குளிரில் வைத்தால் மிக மெதுவாகத்தான் வீரியம் இழக்கும், வருடத்துக்கு ஐந்தாறு சதவீதம் என்ற கணக்கில். தேதி தாண்டியதால் அது தண்ணீராகிவிடுவதில்லை. உற்பத்தியாளர் அதற்கு மேல் பொறுப்பேற்கவில்லை என்பதுதான் அந்தத் தேதி. அறுவை அறையில் பயன்படுத்தக்கூடாது என்று ஒதுக்கிய மருந்து, அழிக்கப்படாமல் எங்கோ ஒரு மூலையில் கிடந்தால் அது இன்னும் மூச்சை நிறுத்தும் மருந்துதான்.

குளிர்பெட்டியில் சந்திக்கும் இரண்டு மருந்துகள்

இது சமோவாவில் மட்டும் நடந்திருந்தால் தற்செயல் என்று நினைக்கலாம். அதற்கு நான்கு வருடம் முன்பே, 2014 செப்டம்பரில், போர் நடந்துகொண்டிருந்த சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மை முகாமில் குறைந்தது 15 குழந்தைகள் இறந்தார்கள். ஆய்வுக் குழு கண்ட காரணம் இதே அட்ராகூரியம், கரைக்கும் தண்ணீருக்குப் பதிலாக. இரண்டு நாடுகள், இரண்டு சூழல்கள், ஒன்றில் குண்டு விழுகிறது, மற்றொன்றில் அமைதியான தீவு, ஆனால் பிழை ஒன்றேதான். அப்படியென்றால் தனிப்பட்ட ஆளின் கவனக்குறைவுக்கு மேல் ஏதோ இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

அந்த ஏதோ ஒன்று வெப்பநிலை. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அட்ராகூரியத்தையும் அதே 2 முதல் 8 டிகிரிக்குள்தான் வைக்க வேண்டும். இன்னொரு தசைத் தளர்த்தியான சக்சினைல்கோலினும் அப்படித்தான். கரைக்கும் தண்ணீருக்கு உண்மையில் குளிர் தேவையில்லை, ஆனால் சூடான தண்ணீரை விட்டால் உயிருள்ள தடுப்பூசி வைரஸ் கெட்டுவிடும் என்பதால், போடுவதற்கு முந்தைய நாளே அதையும் குளிர்பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ஆகப் பொடி, தண்ணீர், தசைத் தளர்த்தி மூன்றுக்கும் ஒரே அலமாரி. பெரிய மருத்துவமனையில் அறுவை அறைக்குத் தனிக் குளிர்பெட்டி இருக்கும். சின்ன மருத்துவமனையில் ஒன்றே ஒன்று இருந்தால், இன்சுலினும் ஆக்ஸிடோசினும் தடுப்பூசியும் அதற்குள்ளேதான். பொடி, தண்ணீர், தசைத் தளர்த்தி மூன்றுமே சின்னக் கண்ணாடிக் குப்பிகள், பின்னிரண்டில் இருப்பது ஏறக்குறைய நிறமற்ற தெளிந்த திரவம். குலுக்கினாலும் வெளிச்சத்தில் பிடித்தாலும் வித்தியாசம் எளிதில் தெரியாது. லேபிளில் உள்ள பொடி எழுத்தைப் படித்தால் மட்டுமே உறுதியாகத் தெரியும்.

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐ.எல்.ஆர். எனும் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குள் தடுப்பூசியும் அதன் டைல்யூயன்டும், அதாவது கரைக்கும் திரவமும் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது என்ற விதி இருக்கிறது. சிலர் இதைப் பதிவேட்டுக்கான கெடுபிடி என்று நினைக்கிறார்கள். பாம்புக்கடி மருந்தோ, யாரோ கொண்டு வந்த இன்சுலினோ, "ஒரு நாள்தானே, உள்ளே இருக்கட்டும்" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கொஞ்சம் கடுமையாகப் பேசியாவது மறுக்க வேண்டிய இடம் அது. பெட்டிக்குள் இல்லாத மருந்தை யாரும் தவறி எடுக்க முடியாது, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சரி, எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி.

ஐந்து சரிகளும் விட்டுவிடும் இடமும்

செவிலியர் படிப்பில் முதல் வருடமே மனப்பாடம் செய்வது: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். சஃபோட்டுவில் அன்று நடந்ததை இந்த ஐந்தோடு வைத்துப் பாருங்கள். வந்த குழந்தை சரி. எம்.எம்.ஆர். பொடி சரி. வழியும் வயதும்கூட சரி. வையல் லேபிளைப் படித்துப் பார்த்திருந்தாலும் "எம்.எம்.ஆர்." என்றுதான் இருந்திருக்கும். சோதனை முழுக்க ஒரு குப்பியிலேயே நின்றுவிட்டால் மற்ற குப்பி சோதனை இல்லாமல் உள்ளே வந்துவிடுகிறது, ஏனென்றால் கை அதைத் தண்ணீர் என்று முன்பே முடிவு செய்துவிட்டது.

ஆகவே கரைத்துப் போடும் எந்த மருந்துக்கும் இரண்டு முழுச் சோதனை தேவை. செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் இதுதான், ஐ.எம். (தசையில்) போடுவதற்கான, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் டைல்யூயன்டை ஐ.வி.யில் போட்டுவிடக் கூடாது என்பது வார்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தடுப்பூசி மேஜையில் அந்த எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது, "தடுப்பூசிதானே, பாதுகாப்பானது" என்ற நினைப்பால். காசநோய்த் தடுப்பூசி பி.சி.ஜி.க்கு உப்பு நீர், தட்டம்மை-ரூபெல்லாவுக்கு ஊசித் தண்ணீர். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றக்கூடாது. ஒரே தடுப்பூசி என்றாலும் ஒரு கம்பெனியின் பொடிக்கு இன்னொரு கம்பெனியின் டைல்யூயன்டை விடக்கூடாது. டைல்யூயன்ட் தீர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, சப்ளை வந்த பிறகு போட வேண்டும். அலமாரியில் தேடி "ஏதாவது தண்ணி இருக்கா" என்று கேட்கும் நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். அன்று சஃபோட்டுவில் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிழைக்கு எளிதில் வாசல் திறக்கும் நிமிடம் அது என்கிறேன்.

மேஜையில் செய்முறை எப்படி இருக்க வேண்டும் என்றால், பொடி வையலையும் டைல்யூயன்டையும் பக்கத்துப் பக்கத்தில் லேபிள் நம் முகத்தைப் பார்க்க வைத்து, இரண்டின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், எக்ஸ்பைரி ஆகியவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும், மனசுக்குள் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவர் கேட்டுக்கொள்ளட்டும். கரைப்பதற்கென்று வரும் 5 மில்லி சிரிஞ்சில் டைல்யூயன்டை இழுத்த பிறகு காலி ஆம்பியூலைத் தூக்கிப் போடாமல் மறுபடியும் ஒரு முறை படிக்க வேண்டும். பிறகு வையல் மேல் கரைத்த நேரத்தை எழுத வேண்டும், நம் நாட்டு விதிப்படி நான்கு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக்கூடாது. அந்தக் காலி ஆம்பியூலை முகாம் முடியும் வரை டிரேயிலேயே வைத்திருப்பது என் அபிப்பிராயத்தில் மிகச் சிறந்த பழக்கம். எத்தனை குழந்தை வந்தாலும் எந்தத் தண்ணீர் போனது என்பதற்கு அது கண்ணெதிரே நிற்கும் சாட்சி.

முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் இடையில்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் வருத்துவது இந்த இடைவெளிதான். முதல் பிழை ஒரு நொடியில் நடந்துவிடலாம். இரண்டாவது மரணத்தைத் தடுக்க நேரம் இருந்தது.

தடுப்பூசி போட்டதும் குழந்தை மயங்கி விழுந்தால் நம் மனசு உடனே ஒவ்வாமை அதிர்ச்சி, அதாவது அனாஃபிலாக்ஸிஸ், என்று போகும், அட்ரினலினைத் தேடும். அது சரிதான், தயங்காமல் தொடையில் ஐ.எம். ஆக அட்ரினலின் போட வேண்டும். ஆனால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அனாஃபிலாக்ஸிஸில் பெரும்பாலும் தடிப்பு, முகவீக்கம், இழுப்புச் சத்தம் இவற்றில் ஏதாவது இருக்கும், குழந்தை மூச்சுக்குப் போராடும். தசைத் தளர்த்தியில் போராட்டமே தெரியாது. அழுகை திடீரென்று நிற்கும், கழுத்து தொங்கும், கை கால் துணி போல விழும், நெஞ்சு அசையாது, நிறம் நீலமாகும், ஆனால் ஆரம்பத்தில் நாடி துடித்துக்கொண்டிருக்கும். தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைத்து நெடுநேரம் வைத்திருந்து, கிருமி வளர்ந்து வரும் நச்சு அதிர்ச்சி என்றால் அது நிமிடத்தில் வராது, சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பிக்கும். நிமிடக் கணக்கில் சுருண்டு விழுந்தது என்றால் ஒவ்வாமை, அல்லது போட்ட மருந்தே வேறு. இந்த இரண்டாவது சாத்தியம் ஊசி போட்டவருக்கு நினைவுக்கு வருவது கடினம், வந்தாலும் ஏற்பது இன்னும் கடினம். ஆனால் குழந்தையின் உயிர் அதில் தொங்குகிறது.

ஏனென்றால் அட்ராகூரியத்துக்குச் சிகிச்சை இருக்கிறது, அதுவும் ரொம்ப எளிய சிகிச்சை. மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருப்பது. அந்த மருந்து கல்லீரலையோ சிறுநீரகத்தையோ பெரிதாக நம்பியில்லை, ரத்தத்தின் சூட்டிலும் காரத்தன்மையிலும் தானாகவே சிதைந்துபோகும். வழக்கமான அளவு என்றால் அரை மணியில் தசை திரும்ப ஆரம்பிக்கும், சுமார் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் மீண்டுவிடும். அதுவரை குழந்தை அளவு முகமூடி வைத்த ஆம்பு பேக்கால், கழுத்தைச் சரியாக நிமிர்த்திப் பிடித்து, நெஞ்சு லேசாக உயர்கிறதா என்று பார்த்தபடி இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். ஆக்ஸிஜன் இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் காற்று காற்றுதான். ஒரு ஆள் ஆம்பு பேக், ஒரு ஆள் 108. காரணம் என்னவென்று தெரியாமலேயே இதைச் செய்யலாம், எந்தக் காரணமாக இருந்தாலும் இது தவறாகாது. எமர்ஜென்சி டிரேயில் அட்ரினலின் இருக்கிறதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள். குழந்தை அளவு முகமூடி இருக்கிறதா, ரப்பர் வெடித்துப் போயிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. தடுப்பூசி போடும் ஒவ்வொரு சிஸ்டருக்கும் பொம்மையை வைத்து ஆம்பு பேக் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கே போனாலும் நான் கேட்பது இதனால்தான்.

அப்புறம், நிறுத்துவது. ஊசிக்குப் பிறகு ஒரு குழந்தைக்குக் கடுமையாக ஏதாவது நேர்ந்தால் அந்த மேஜையில் அடுத்த ஊசி கிடையாது. திறந்த வையல், டைல்யூயன்ட் ஆம்பியூல், சிரிஞ்ச் எல்லாவற்றையும் தனியாக எடுத்து, லேபிள் எழுதி, குளிரில் வைத்துவிட்டு மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். வெளியே பத்துத் தாய்மார்கள் காத்திருக்கலாம், திட்டலாம், இன்னொரு நாள் வரச் சொல்வது கஷ்டம்தான். சஃபோட்டுவில் அன்று முதல் குழந்தைக்குப் பிறகு மேஜை மூடப்பட்டிருந்தால் இரண்டாவது குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும்.

ஒரு தவறு நாடு முழுக்கப் பரவிய விதம்

சமோவா அரசு எம்.எம்.ஆர். தடுப்பூசித் திட்டத்தையே நிறுத்தியது, சுமார் பத்து மாதம். காரணம் என்னவென்று நீதிமன்றத்தில் உறுதியாக வெளிவர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதுவரை தாய்மார்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஊசி போட்டார்கள், குழந்தை செத்தது. தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் அந்த இடைவெளியைச் சமூக ஊடகத்தில் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 2018-இல் தட்டம்மைத் தடுப்பூசி பெற்றது ஏறக்குறைய மூன்று குழந்தைகளில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது.

2019-இல் நியூசிலாந்தில் பரவிக்கொண்டிருந்த தட்டம்மை பயணிகளோடு சமோவாவுக்கு வந்தது. அக்டோபரில் தொற்று என்று அறிவித்தார்கள், நவம்பரில் அவசர நிலை, பள்ளிகள் மூடல். டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்களையே மூடிவிட்டு ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள், ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700-க்கு மேல் நோயாளிகள், 83 மரணம், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பக்கத்திலிருக்கும் டோங்காவுக்கும் ஃபிஜிக்கும் அதே சமயத்தில் தட்டம்மை போனது, அங்கே ஏற்கெனவே பெரும்பாலானோருக்கு ஊசி போட்டிருந்ததால் ஒருவரும் இறக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பயத்தின் சாயல் தெரியும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்துப் போடும் முறைக்கு அரசு மாறியது. பாதுகாப்பு என்ற வகையில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்து வர முடியாத தாய்க்கு அது தூரமாகிவிட்டது என்பதும் உண்மை.

தண்டனை பற்றி

அந்த இரண்டு செவிலியர்களின் குற்றத்தைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. லேபிளைப் படிப்பது அவர்களது வேலை, அவர்களே ஒப்புக்கொண்டார்கள், இரண்டு குடும்பங்கள் குழந்தையை இழந்தன. ஆனால் சிறைக் கதவு மூடியதும் விசாரணை முடிந்துவிட்டது என்று நினைத்தால், காலாவதியான தசைத் தளர்த்தி தடுப்பூசி மேஜைக்குக் கை எட்டும் தூரத்துக்கு எப்படி வந்தது, அதை அழிக்க வேண்டியவர் யார், இட்லிப்பில் நடந்தது அந்தத் தீவின் வார்டு வரை ஏன் வந்து சேரவில்லை என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. தசைத் தளர்த்திகளைத் தனிப் பெட்டியில் பூட்டி, "மூச்சை நிறுத்தும், செயற்கைச் சுவாசம் தேவை" என்று பெரிய எழுத்தில் ஒட்டி, அறுவை அறையையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் தாண்டி எங்கும் வைக்காமல் இருப்பதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பூட்டு, ஒரு ஸ்டிக்கர், மாதம் ஒருமுறை எக்ஸ்பைரி பார்க்கும் ஒரு ஆள்.

ஜெயிலுக்குப் போவோம் என்ற பயம் இன்னொன்றையும் செய்யும். நாளைக்கு யாராவது தவறான ஆம்பியூலை எடுத்துவிட்டு, போடுவதற்கு முன் கண்டுபிடித்தால், அதை வெளியே சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடுவார்கள். அடுத்த டியூட்டியில் வருபவருக்கு அந்த ஆம்பியூலின் கூட்டாளிகள் அதே தட்டில் காத்திருக்கும். உங்கள் வார்டில் இப்படி நூலிழையில் தப்பியதை எழுதி வைக்க ஒரு நோட்டு இருக்கிறதா, எழுதுபவர் பெயர் கேட்காமல் அதை மாதாந்திரக் கூட்டத்தில் படிக்கிறார்களா என்று நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே ஒரு நோட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.